பென்குயின் இல்லாத பென்குயின் குளம்: பழைய உயிரியல் பூங்காக்களைப் புதுப்பிப்பதில் என்ன சிக்கல்?

லண்டன் உயிரியல் பூங்காவில் வெள்ளை கான்கிரீட்டில் கட்டிய ஒரு பென்குயின் குளம் இருக்கிறது. 1934இல் திறக்கப்பட்டது. கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் படத்தைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பார்கள். 2004க்குப் பிறகு அதில் பென்குயின்கள் இல்லை. குளத்தை இடிக்க முடியாது, இங்கிலாந்தின் பாரம்பரியப் பட்டியலில் அது முதல் தரத்தில் இருக்கிறது. பென்குயின்களைத் திரும்பக் கொண்டுவிடவும் முடியாது, அவற்றின் பாதம் புண்ணாகும்.

ஒரு பழைய பூங்காவை நவீனப்படுத்தப் போகிறோம் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் இதே முடிச்சு ஏதாவது ஒரு வடிவில் விழுகிறது. கம்பிக் கூண்டுகளை உடைத்தெறியுங்கள் என்கிறார்கள் விலங்குநல ஆர்வலர்கள். நூற்றாண்டுக் கட்டடத்தில் கை வைக்காதீர்கள் என்கிறார்கள் பாரம்பரிய ஆர்வலர்கள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். செய்தியைப் படிப்பவருக்குக் குழப்பம் கூடுவது அதனால்தான். அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வருவோம்.

பழைய பூங்காவில் பாரம்பரியம் என்பது எது?

கட்டடம் மட்டும்தான் பாரம்பரியம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பழைய பூங்காவில் காக்க வேண்டியவை நான்கு வகை.

1. கட்டடங்கள். யானைக் கொட்டில், பறவைக்கூடு, ஊர்வன இல்லம் போன்றவை. பல நகரங்களில் இவற்றைக் கட்டியவர்கள் அந்தக் காலத்தின் முன்னணிக் கட்டடக் கலைஞர்கள்.

2. நில அமைப்பு. பாதை எப்படி வளைகிறது, எங்கே நின்றால் எது தெரியும் என்ற திட்டம். வரைபடத்தில்தான் இதன் அருமை தெரியும். ஒரு பாதையை நேராக்கினாலே போய்விடும்.

3. மரங்கள். பூங்கா தொடங்கியபோது நட்ட கன்றுகள் இன்று பெருமரங்கள். நகரம் சுற்றி வளர்ந்து நெருக்கிய இடங்களில் மிஞ்சியிருக்கும் ஒரே நிழல் இதுவாக இருக்கும்.

4. சாட்சி. மனிதர்கள் ஒரு காலத்தில் விலங்கை எப்படிப் பார்த்தார்கள், எப்படி அடைத்து வைத்தார்கள் என்பதற்கான ஆதாரம். ஒரு புலி நான்கு எட்டு நடந்து திரும்பிய கூண்டு அழகான பொருள் இல்லை. ஆனாலும் அது வரலாறு.

நான்காவது வகையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கொடுமையாக இருந்தது என்பதற்காக எல்லாக் கூண்டுகளையும் தூக்கிப் போட்டுவிட்டால், அப்படி ஒரு காலம் இருந்தது என்பதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போகும்.

ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு கூண்டு

பழைய அடைப்பிடங்கள் ஏன் அப்படிக் கட்டப்பட்டன என்று தெரியாமல் அவற்றை மதிப்பிட முடியாது.

வியன்னாவின் ஷோன்ப்ரூன் பூங்கா 1752இல் அரச குடும்பத்துக்காக அமைக்கப்பட்டது. இன்றும் இயங்கும் பூங்காக்களில் உலகிலேயே பழையது. நடுவில் எண்கோண மண்டபம், அதைச் சுற்றி வட்டத்தைத் துண்டு போட்டது போல 13 பகுதிகள். மண்டபத்தில் உட்கார்ந்தபடி எல்லா விலங்குகளையும் பேரரசர் பார்க்க வேண்டும் என்பதே வடிவமைப்பின் நோக்கம். விலங்கின் வசதி கணக்கில் வரவில்லை.

லண்டன் வேறு வழியில் வந்தது. சிங்கப்பூரை நிறுவியவராக அறியப்படும் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் முன்னின்று 1826இல் லண்டன் விலங்கியல் சங்கத்தைத் தொடங்கினார். 1828இல் ரீஜென்ட்ஸ் பூங்காவில் விலங்குத் தோட்டம் திறந்தது. முதலில் சங்க உறுப்பினர்களுக்கும் அவர்கள் அனுமதித்தவர்களுக்கும்தான் நுழைவு, பொதுமக்களுக்குக் கதவு திறந்தது 1847இல். நோக்கம் ஆய்வு. எனவே எத்தனை இனங்களைச் சேர்க்க முடியுமோ அத்தனையையும் வரிசையாக அடைத்து வைத்தார்கள்.

1907இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் கம்பிகளை எடுத்துவிட்டு அகழி வெட்டினார். பார்வையாளருக்கும் சிங்கத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளம், பின்னால் செயற்கைப் பாறை. இன்றைய பூங்காக்கள் பலவற்றின் மூதாதை அதுதான். இலங்கையின் தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் தொடக்கத்திலும் இந்தக் குடும்பம் இருக்கிறது. ஜான் ஹாகன்பெக் அங்கே வைத்திருந்த விலங்குகளைத்தான் 1936இல் அரசு எடுத்துக்கொண்டது.

அப்புறம் வந்தது சுத்தத்தின் காலம். 1920களிலும் 30களிலும் அடைபட்ட விலங்குகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது காசநோயும் மற்ற தொற்றுகளும்தான். மண்ணும் வைக்கோலும் மரமும் கிருமியின் வீடு, கழுவிவிடக்கூடிய வழவழப்பான தரைதான் பாதுகாப்பு என்று மருத்துவர்களும் நம்பினார்கள். கான்கிரீட்டும் ஓடு பதித்த சுவரும் பூங்காக்களுக்குள் புகுந்தது இந்த நம்பிக்கையால். இன்று சிறையைப் போலத் தெரியும் ஒரு கான்கிரீட் கூண்டு, கட்டிய நாளில் விலங்கின் உயிரைக் காக்கும் முயற்சியாக இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்வது அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்களுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச நியாயம்.

ஒரே கூண்டின் மேல் இரண்டு சட்டங்கள்

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். வரலாற்று மதிப்புள்ள கட்டடங்களை அரசு பட்டியலிடுகிறது. மூன்று தரங்கள் உண்டு: முதல் தரம், இரண்டாம் தரம் நட்சத்திரம், இரண்டாம் தரம். பட்டியலில் உள்ள கட்டடங்களில் முதல் தரத்தில் இருப்பவை சுமார் 2.5 சதவீதம்தான். பட்டியலில் ஏறிய கட்டடத்தை இடிக்கவோ தன்மை மாறும்படி திருத்தவோ தனி அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம்.

இன்னொரு பக்கம், 1981ஆம் ஆண்டின் உயிரியல் பூங்கா உரிமச் சட்டம். பூங்கா நடத்த உரிமம் தேவை. ஆய்வாளர்கள் வருவார்கள். இடம் போதவில்லை, தரை சரியில்லை, விலங்கு தன் இயல்புப்படி நடந்துகொள்ள வழியில்லை என்றால் மாற்றச் சொல்வார்கள்.

ஒன்று மாற்றாதே என்கிறது, மற்றொன்று மாற்று என்கிறது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு அனுமதிகளையும் பெரும்பாலும் வழங்குவது ஒரே உள்ளாட்சி மன்றம்தான்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் பூங்கா நடத்த முடியாது. நீண்டகாலத் திட்டம் ஒன்றை வரைந்து அதன் ஒப்புதலையும் பெற வேண்டும். 2009இல் யானைகளை உயிரியல் பூங்காக்களிலிருந்து முகாம்களுக்கு மாற்றச் சொன்னதும் இந்த ஆணையம்தான். ஆனால் கட்டடங்களின் பாரம்பரிய மதிப்பு இதன் வேலை இல்லை. அது மாநில, நகர விதிகளிடம் இருக்கிறது. பல நகரங்களில் அப்படி ஒரு விதியே இல்லை.

குளத்துக்கு அருகே போய்ப் பார்த்தால்

லண்டன் பென்குயின் குளத்தை வடிவமைத்தவர் பெர்தோல்ட் லுபெட்கின். அவருடைய டெக்டான் குழுவோடு பொறியாளர் ஓவ் அரூப் சேர்ந்து வேலை செய்தார். முட்டை வடிவத்தில் வெள்ளைச் சுவர். நடுவில் இரண்டு சரிவுப் பாதைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இறங்குகின்றன. இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை, நடுவில் தாங்கும் தூணும் இல்லை. இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதைக் காட்டிய கட்டுமானம் அது. பென்குயின்கள் அந்தச் சரிவில் தத்தித் தத்தி நடந்து வர, மக்கள் மேலிருந்து சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். குளம் ஒரு மேடை.

இப்போது பென்குயின் பக்கம் வருவோம். லண்டனில் இருப்பவை ஹம்போல்ட் பென்குயின்கள். பெரு, சிலி கடற்கரைகளின் பறவை. பனியில் வாழ்வதில்லை. பறவை எச்சம் கெட்டிப்பட்ட மண்ணில் வளை தோண்டி முட்டையிடும், கடலில் ஆழம் போய் மீன் பிடிக்கும். அந்தக் குளத்தில் தோண்ட மண் கிடையாது, முங்க ஆழம் போதாது. நடப்பதற்குக் கடினமான தரை மட்டும் உண்டு. நாள் முழுவதும் கான்கிரீட்டில் நடந்த பறவைகளுக்குப் பாதத்தில் நுண்ணிய சிராய்ப்புகள் வந்தன. அதன் வழியே கிருமி புகுந்து பாதம் வீங்கிப் புண்ணானது. கோழி வளர்ப்பவர்களுக்கும் தெரிந்த நோய்தான் இது, கடினமான தரையில் நிற்கும் பறவைகளுக்கு வருவது.

இங்கே கட்டடக் கலைஞர்கள் தரப்பில் ஒரு மறுப்பு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1980களில் குளத்தைப் புதுப்பித்தபோது தரையின் மேற்பூச்சு சொரசொரப்பாக மாறியது, தொல்லை அதனால்தான், லுபெட்கினின் மூல வடிவமைப்பைக் குறை சொல்லக்கூடாது என்பது அவர்கள் வாதம். சரி, பூச்சு பிழை என்றே வைத்துக்கொள்வோம். ஆழமும் மண்ணும் மூல வடிவமைப்பிலேயே இல்லையே. பூச்சை மாற்றினால் புண் ஆறலாம், பறவைக்கு வளை தோண்ட இடம் வந்துவிடாது.

2004இல் சீரமைப்புக்காகப் பென்குயின்களைத் தற்காலிகமாக வேறொரு குளத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவை நன்றாக இருந்தன. பிறகு பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. 2011இல் கடற்கரை போல அமைத்த புதிய இடம் திறந்தது. காலியான குளத்தில் சீன முதலைகளை வைத்துப் பார்த்தார்கள், முள்ளம்பன்றிகளையும் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. பென்குயின் நடையைக் காட்டுவதற்காகவே பிறந்த வடிவம் வேறு உயிருக்குப் பொருந்தாதது இயல்புதான். 2019இல் லுபெட்கினின் மகளே அதை வெடிவைத்துத் தகர்த்துவிடலாம் என்று பேசினார். பாரம்பரிய அமைப்புகள் அதிர்ந்துபோயின.

இடிக்கக்கூடாது என்பதே என் கருத்து. அது ஒரு மோசமான பென்குயின் வீடு, ஆனால் மிகச் சிறந்த கட்டுமானம். முதல் உண்மைக்காகப் பென்குயின்கள் வெளியேற வேண்டும், வெளியேறிவிட்டன. இரண்டாவது உண்மைக்காகக் குளம் நிற்க வேண்டும். இனி அதில் வேறு விலங்குகளை வைத்துப் பார்க்கும் சோதனைகள்தான் வேண்டாம். வெறுமையாக, அதன் கதையைச் சொல்லும் பலகையோடு நிற்பதில் ஒரு குறையும் இல்லை.

அதே பூங்காவில் வேறு முடிவுகள்

லண்டன் பூங்காவின் பரப்பு சுமார் 36 ஏக்கர். அதற்குள் பட்டியலில் ஏறிய கட்டடங்கள் பல. ஒவ்வொன்றின் கதியும் வேறாக அமைந்தது.

1. ஒட்டகச்சிவிங்கி வீடு. டெசிமஸ் பர்ட்டன் 1830களில் வடிவமைத்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே ஒட்டகச்சிவிங்கிதான் வாழ்ந்தது. காரணம் எளியது. விலங்கின் உயரத்துக்குக் கதவு, கழுத்து நிமிர்த்த உயரமான கூரை என்று தேவையை மட்டும் பார்த்துக் கட்டியிருக்கிறார். வெளியே திறந்தவெளியைக் கூட்டிக்கொள்ள முடிந்தது, கட்டடம் தப்பித்தது.

2. ஊர்வன இல்லம். 1927இல் திறந்தது. திட்டம் தீட்டியவர் ஜோன் பிராக்டர், பூங்காவின் ஊர்வனப் பிரிவுப் பொறுப்பாளர், பாம்பும் உடும்பும் நன்கு அறிந்த விஞ்ஞானி. ஒவ்வொரு கூண்டுக்கும் மின் வெப்பம், புற ஊதாக் கதிரை உள்ளே விடும் சிறப்புக் கண்ணாடி என்று உயிரியலிலிருந்து தொடங்கினார். 2024இல் புதிய இல்லம் வரும்வரை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அது ஊர்வன இல்லமாகவே இயங்கியது. ஏழே ஆண்டுகள் கழித்துப் பக்கத்தில் எழுந்த பென்குயின் குளத்தோடு ஒப்பிட்டால் பாடம் தானாகத் தெரிகிறது. விலங்கை அறிந்தவர் கையிலிருந்து வந்த வடிவம் நீண்ட நாள் உழைத்தது.

3. கொரில்லா வீடு. இதுவும் லுபெட்கின் குழுவுடையது, 1933, முதல் தரம். வட்ட வடிவம். குளிர்காலத்தில் மூடிய அறை, கோடையில் நகரும் தடுப்பு விலகித் திறந்த கூண்டு. கொரில்லாக்களின் தேவைக்கு அது போதாமல் போனது. பின்னாளில் சிறிய உயிரினங்கள் பல வந்து போயின.

4. யானை மண்டபம். ஹியூ காசனும் நெவில் காண்டரும் 1960களில் கட்டியது. யானைத் தோல் போலச் சொரசொரப்பான கான்கிரீட் சுவர், நீர்நிலையில் கூடிய மந்தை போல எழும் கூரைகள். பார்க்க அருமை. ஆனால் யானைக்கு நடப்பதற்கு நிலம் வேண்டும். 2001இல் யானை ஒன்றால் பராமரிப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு யானைகள் எல்லாம் அதே சங்கத்தின் விப்ஸ்னேட் பூங்காவுக்குப் போயின. அங்கே 600 ஏக்கர். மண்டபத்துக்கு ஒட்டகங்களும் தாடிப் பன்றிகளும் வந்தன.

5. மாப்பின் மலைகள். 1914இல் முடிந்த செயற்கைக் கான்கிரீட் மலைகள். உச்சியில் ஆடு, கீழே கரடி. கரடிகள் 1980களில் போய்விட்டன. பிறகு சிறு கங்காரு இனமான வாலபிகளும் ஈமுக்களும் அங்கே வந்தன. மலைக்குள் இருந்த நீர்வாழ் காட்சியகம் 2019இல் மூடப்பட்டது.

6. ஸ்னோடன் பறவைக்கூடு. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஸ்னோடன் பிரபு, செட்ரிக் பிரைஸ், பொறியாளர் ஃபிராங்க் நியூபி மூவரும் சேர்ந்து வடிவமைத்தது, 1965இல் திறந்தது. அலுமினியக் குழாய்களும் இழுத்துக் கட்டிய எஃகு வடங்களும் தாங்கும் மாபெரும் வலைக்கூடு. மக்கள் உள்ளே நடந்து போய்ப் பறவைகளைப் பார்க்கலாம். பிரிட்டனில் அந்த வகையில் அது முன்னோடி. ஐம்பது ஆண்டுகளில் வலை நைந்தது, கட்டமைப்பும் பழுதானது. பழையபடி பழுது பார்த்துப் பறவைகளையே வைத்திருக்கலாம். பூங்கா நிர்வாகம் வேறொரு கேள்வி கேட்டது: இந்தக் கூட்டின் தனிச் சொத்து எது? உயரம். அந்த உயரத்தை முழுதாகப் பயன்படுத்தும் உயிர் எது? கறுப்பு வெள்ளை கொலோபஸ் குரங்கு. ஆப்பிரிக்கக் காடுகளில் மரத்தின் மேல்தட்டிலேயே வாழ்ந்து, கிளைக்குக் கிளை பெருந்தாவலாகத் தாவும் இனம்.

நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் மாற்று வடிவமைப்பைச் செய்தது. எலும்புக்கூடு அப்படியே இருக்க, வலை மட்டும் புதிய எஃகு வலையாக மாறியது. குரங்குப் பள்ளத்தாக்கு என்ற பெயரில் 2022இல் திறந்தார்கள். லாட்டரி வருமானத்திலிருந்து பாரம்பரியத்துக்கு ஒதுக்கும் தேசிய நிதியும் உதவியது. கால்வாய்க் கரையில் நின்று பார்த்தால் பழைய வடிவம் அப்படியே தெரிகிறது. உள்ளே இருக்கும் விலங்குக்கும் முன்பிருந்த எதையும்விட அந்த இடம் பொருந்துகிறது. பாரம்பரியப் புதுப்பித்தல் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

முழுப் பூங்காவுமே பாரம்பரியம் என்றால்?

லண்டனில் கட்டடங்கள் தனித்தனியாகப் பட்டியலில் இருக்கின்றன. வியன்னாவில் சிக்கல் பெரியது. ஷோன்ப்ரூன் அரண்மனையும் தோட்டங்களும் 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயின. 1752இன் வட்டத் திட்டமும் அதற்குள் வருகிறது, அந்த வரைபடத்தைக் கலைக்க முடியாது.

1990களின் தொடக்கத்தில் அந்தப் பூங்கா மூடுவிழாவின் விளிம்பில் நின்றது. கூண்டுகள் பழசு, கூட்டம் குறைவு, பணம் இல்லை. 1992இல் அரசே உரிமையாளராக இருக்கும் தனி நிறுவனமாக அதை மாற்றினார்கள். ஹெல்முட் பெச்லானர் இயக்குநரானார். அடிப்படை மாற்றம் அப்போதுதான் தொடங்கியது. பேரரசர் உட்கார்ந்த எண்கோண மண்டபம் உணவகமாக இயங்குகிறது. மனிதருக்காகக் கட்டிய கட்டடம் மனிதரிடமே இருக்கிறது, அதில் எந்த விலங்கும் கஷ்டப்படவில்லை.

1828இல் எகிப்திலிருந்து பரிசாக வந்த ஒட்டகச்சிவிங்கிக்காகக் கட்டிய வீடு அங்கே இருக்கிறது. அதை இடிக்காமல், பக்கத்தில் கண்ணாடியால் பெரிய கூடம் ஒன்றைச் சேர்த்து 2017இல் திறந்தார்கள். வியன்னாக் குளிர்காலத்தில் ஒட்டகச்சிவிங்கிகள் வெளியே போக முடியாது. அப்போது சூரிய வெளிச்சம் விழும் அந்தக் கூடத்தில் உலாவலாம். பழைய சுவர் பழைய சுவராகவே தெரிகிறது, புதியது புதியதாகத் தெரிகிறது. பழையதைப் போல நடிக்கும் புதுக் கட்டடம் கட்டாததுதான் இதில் எனக்குப் பிடித்தது.

மரங்களுக்காக ஒரு சண்டை

மும்பை பைக்குலாவில் உள்ள ஜிஜாமாதா உத்யான், மக்கள் வாயில் ராணி பாக். 1862இல் தாவரத் தோட்டமாகத் திறந்தது, விலங்குகள் பின்னால் வந்தன. உள்ளேயே 1872இல் திறந்த அருங்காட்சியகம், இன்று பாவு தாஜி லாட் பெயரில். கடிகார கோபுரம், எலிபெண்டா தீவிலிருந்து வந்த கல் யானை. இவற்றைவிடப் பெரிய சொத்து 3,000க்கும் மேற்பட்ட மரங்கள். மும்பை மாதிரி நெரிசலான நகரத்தில் அந்த நிழலுக்கு விலை போட முடியாது.

2007 வாக்கில் மாநகராட்சி 433 கோடி ரூபாயில் அதைச் சர்வதேசப் பூங்காவாக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தாய்லாந்தைச் சேர்ந்த ஆலோசனை நிறுவனம் வரைந்தது. விலங்குகளுக்கு இடம் பெரிதாக வேண்டும் என்பது சரியான காரணம். ஆனால் அந்த இடம் மரங்கள் இருக்கும் இடத்திலிருந்துதான் வர வேண்டும். தோட்டத்தைக் காக்கக் குடிமக்கள் திரண்டார்கள். நகரத்தின் பாரம்பரியக் குழுவும் எதிர்த்தது. திட்டம் சுருங்கியது.

பிறகு 2016இல் எட்டு ஹம்போல்ட் பென்குயின்கள் தென்கொரியாவிலிருந்து வந்தன. சில மாதங்களில் ஒன்று இறந்தது. 2017 மார்ச்சில் குளிரூட்டிய கண்ணாடி அறையில் மற்றவற்றைப் பொதுமக்கள் பார்க்கத் தொடங்கினார்கள். கூட்டம் அலைமோதியது.

இங்கே நவீனம் என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் விலங்குகளின் வாழ்க்கையை மேம்படுத்துவது ஒரு வகை. கூட்டம் சேர்க்க, மும்பை வெயிலுக்கு ஒவ்வாத ஓர் இனத்தை இரவும் பகலும் மின்சாரம் ஓடும் அறையில் வைப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டுவதால்தான் மக்கள் குழம்புகிறார்கள். பாரம்பரியத் தோட்டம் ஒன்றுக்கு முதல் வகையே போதும்.

சென்னை எடுத்த மூன்றாவது வழி

பழைய இடத்தில் திருத்துவது, மரத்தையும் கட்டடத்தையும் காத்துச் சிறிதாக வாழ்வது ஆகிய இரண்டும் வேண்டாம் என்றால், பூங்காவையே ஊருக்கு வெளியே கொண்டுபோகலாம். சென்னை அதைத்தான் செய்தது.

1855இல் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் விலங்குகளைச் சேர்க்கத் தொடங்கினார். ஆற்காடு நவாப் தன்னிடம் இருந்த விலங்குகளைக் கொடுத்தார். 1861இல் அது சென்ட்ரல் அருகே மக்கள் பூங்காவுக்கு மாறியது. அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும், விலங்குப் பூங்காவை உயிர்க் காலேஜ் என்றும் சென்னை மக்கள் சொன்னது இந்தக் காலத்தில்தான். சுற்றிலும் ரயில் நிலையம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, ஸ்டேடியம் என்று மக்கள் பூங்காவை நகரம் துண்டு துண்டாகத் தின்றது. விலங்குகளுக்கு மூச்சு முட்டியது. 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறந்தது. ஏறத்தாழ 600 ஹெக்டேர், காடு சூழ்ந்த இடம்.

விலங்கின் பக்கம் நின்று பார்த்தால் இது நல்ல முடிவு, சந்தேகமே வேண்டாம். நினைவின் பக்கம் பார்த்தால் இழப்பு பெரியது. இந்தியாவின் பழைய பொதுப் பூங்காக்களில் ஒன்று இங்கே இருந்தது என்பதே பார்க் ஸ்டேஷனில் இறங்கும் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. ஒரு கூண்டையாவது, ஒரு நுழைவாயிலையாவது நிறுத்தி வைத்திருக்கலாம். விலங்கை இடம் மாற்றுவதும் வரலாற்றைத் துடைத்தெறிவதும் ஒன்றாக நடக்க வேண்டிய அவசியம் இல்லை.

எந்த வரிசையில் முடிவெடுப்பது?

மேலே பார்த்தவற்றில் நல்லபடி முடிந்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசையில் போயிருக்கின்றன. கெட்டவை அந்த வரிசையை மாற்றிப் போட்டவை.

1. முதலில் விலங்கு. இப்போது உள்ளே இருக்கும் உயிர் கஷ்டப்படுகிறதா? ஆம் என்றால், கட்டட விவாதம் முடியும்வரை காத்திராமல் அதை மாற்ற வேண்டும். கட்டடம் பத்து ஆண்டு காத்திருக்கும். புண்பட்ட பாதம் காத்திருக்காது.

2. அடுத்து, கட்டடத்தில் மதிப்பு எங்கே இருக்கிறது என்று குறிக்க வேண்டும். பறவைக்கூட்டில் மதிப்பு சட்டகத்தில் இருந்தது, வலையில் இல்லை. அதனால் வலையை மாற்ற முடிந்தது. பென்குயின் குளத்தில் தரையும் சரிவும் சுவரும் எல்லாமே மதிப்பு. அதனால் எதையும் தொட முடியவில்லை. இந்த ஆய்வு இல்லாமல் "பாரம்பரியம், கை வைக்காதே" என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதும் தவறு, "பழசு, இடி" என்பதும் தவறு.

3. அந்த இடத்தின் அளவு, உயரம், வெளிச்சம், தரை எந்த இனத்துக்குப் பொருந்தும் என்று தேட வேண்டும். எந்த இனமும் பொருந்தவில்லை என்றால் விலங்கைத் திணிக்கக்கூடாது. உணவகம், வகுப்பறை, காட்சியறை என்று மனிதருக்குக் கொடுத்துவிடலாம்.

4. சேர்க்கும் பகுதி பின்னாளில் கழற்றி எடுக்கக்கூடியதாக இருப்பது நல்லது. விலங்கு நலம் பற்றிய அறிவு வளர்ந்துகொண்டே இருக்கிறது. 1930இல் கான்கிரீட்தான் சரி என்று நினைத்தார்கள், இன்று நாம் சரி என்று நினைப்பதும் மாறலாம்.

5. பெரிய விலங்குகளுக்கு நகருக்கு வெளியே துணை வளாகம். லண்டனுக்கு விப்ஸ்னேட் இருந்ததால்தான் யானை மண்டபம் தப்பியது. இலங்கையில் தெஹிவளையின் நெருக்கடியைக் குறைக்கவே 2015இல் பின்னவலையில் விரிந்த பூங்கா திறந்தது. நகரின் பழைய வளாகத்தில் சிறிய இனங்களும் பறவைகளும் மரங்களும் வரலாறும் போதும். பேருந்தில் வந்து இறங்கும் குடும்பங்களுக்கு நகர நடுவில் அப்படி ஓர் இடம் வேண்டும்.

பணம்

கடைசியில் எல்லாம் வந்து முட்டும் இடம் இதுதான். டிக்கெட் விற்பது புதிய புலி, புதிய பென்குயின். செலவு வைப்பது பழைய கட்டடம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும், மழை இறங்கும், பூச்சு உதிரும். விலங்கும் இல்லாமல் டிக்கெட்டும் தராமல் நிற்கும் ஒரு கட்டடத்துக்கு ஆண்டுதோறும் செலவு செய்ய எந்த நிர்வாகமும் தயங்கும். லண்டன் பூங்கா ஒரு அறக்கட்டளை அமைப்பு. அழியும் நிலையில் இருக்கும் ஆமையைக் காக்கவா, விரிசல் விட்ட சுவரைக் காக்கவா என்ற கேள்வி அதற்கு ஒவ்வொரு ஆண்டும் வரும். கட்டடத்தைப் பட்டியலில் ஏற்றும் அரசு பராமரிப்புச் செலவில் பங்கு ஏற்காவிட்டால், சுமை முழுவதும் விலங்குகளின் தீவனப் பணத்தின் மேல்தான் விழும். லாட்டரி நிதி மாதிரியான ஏற்பாடு இங்கிலாந்தில் இருப்பதால் பறவைக்கூட்டுக்கு வழி பிறந்தது. நம் ஊர்களில் பெரும்பாலும் மாநகராட்சியோ வனத்துறையோதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு, பாரம்பரியத்துக்கென்று தனி ஒதுக்கீடு இருப்பது அரிது.

ஆகவே அடுத்த முறை ஒரு பழைய பூங்காவின் சீரமைப்பு அறிவிப்பு வரும்போது, வண்ணப் படங்களையும் கட்டுமானத் தொகையையும் தாண்டி மூன்று விவரங்களைத் தேடிப் பாருங்கள். இப்போது இருக்கும் விலங்குகள் வேலை நடக்கும்போது எங்கே இருக்கும்? மரங்களைக் கணக்கெடுத்து வரைபடத்தில் குறித்திருக்கிறார்களா? வேலை முடிந்த பிறகு, பழைய கட்டடங்களின் ஆண்டுப் பராமரிப்பை யார் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்?